ஒன்றரை லிட்டர்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் நலம். உன் முதுகு வலி குறைந்ததா? பாப்பாவுக்குப் புதுப் பள்ளிக்கூடம் பிடித்துவிட்டதா? உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

பெட்டியைத் திறந்ததும் குழம்பியிருப்பாய். அது என் சைக்கிளின் வயிற்றுக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டிக்கென்றே செய்த சைக்கிள். முன்னால் குனிந்து, முழங்கைகளைப் பட்டைகளில் ஊன்றி, மணிக்கணக்கில் ஓட்ட வேண்டும். நிமிர்ந்தால் காற்று பிடித்து இழுக்கும். அதனால் தொட்டியைச் சட்டத்துக்குள்ளேயே வைத்து, ஒரு குழாயை வாய்க்கு நேராகக் கொண்டுவந்திருக்கிறார்கள். கையை எடுக்காமலே உறிஞ்சலாம். ஒன்றரை லிட்டர் பிடிக்கும்.

உறிஞ்சினால் வருவதில்லை. எப்போதும் பாதிக்கு மேல் மீதி. அதுதான் விஷயம்.

போன அக்டோபரில் போட்டியின் நடுவே விழுந்தேன். உன்னிடம் வெயில் என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஓட்டத்தின் ஒன்பதாவது கிலோமீட்டர். மூன்று நாள் மருத்துவமனை. சிறுநீரகம் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. டாக்டர் சொன்னது: “இன்னொரு தடவை இப்படி வறண்டு வந்தீங்கன்னா, போட்டியைப் பத்திப் பேச வேண்டியிருக்காது. டயாலிசிஸ் பத்தித்தான் பேசணும்.”

இந்த அக்டோபரில் கலந்துகொள்ள அவர் கையெழுத்து வேண்டும். மூன்று மணி நேரப் பயிற்சியில் தொட்டி காலியாக வேண்டும் என்பது நிபந்தனை. போகும்முன் எடை, வந்தபின் எடை. மீதித் தண்ணீரை அளந்து எழுதும் வேலை உன் அத்தானுக்கு. சமையலறைத் தராசையும் ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு நாற்பத்து மூன்று. இன்னொரு அக்டோபருக்கு இந்த உடம்பு காத்திருக்குமா தெரியாது.

பல் டாக்டர்களின் நாற்காலிகளைப் பழுது பார்க்கிறவன் நீ. வாய்க்குள் தண்ணீர் விடுவதும் வாயிலிருந்து எடுப்பதும்தானே உன் பிழைப்பு. ஏதாவது செய்.

போனில் சொல்லியிருக்கலாம். நீ நடுவில் சிரிப்பாய். நாள் முழுக்க நீதிமன்றத்தில் பிறர் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுக்கிறவளுக்குத் தன் பேச்சும் எழுத்தாகத்தான் வருகிறது. பெட்டிக்குள் ஒரு காகிதம்கூட இல்லாமல் அனுப்புவது முகத்தில் அடித்த மாதிரி இருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 26

ஒட்டகமே,

எல்லோரும் நலம். முதுகு அப்படியேதான், நாற்காலிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிறவனுக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே அதிகம். உன் உடம்பைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபின் என் முதுகைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஏன் அப்போதே சொல்லவில்லை?

ஒட்டகம் தண்ணீர்ப் பிரச்சினையோடு கடிதம் போட்டிருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். என் மனைவிக்கு அந்தப் பெயர் புதிது. எந்தப் பயணத்திலும் ஒரு சொட்டு குடிக்காமல் வருவாள் எங்கள் அக்கா, உறவுக்கூட்டம் முழுக்க அவளுக்கு ஒட்டகம் என்றுதான் பெயர், வைத்தவன் நான் என்று பெருமையாகச் சொன்னேன்.

தொட்டியைப் பார்த்தேன். செய்தவன் கெட்டிக்காரன், ஆனால் தாகம் எடுத்தவன் இல்லை. மூடி இறுக்கமாக அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் வெளியே போனால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும், வழியே இல்லை. பாதிக்குப் பிறகு நீ தண்ணீரை இழுக்கவில்லை, தொட்டியையே இழுக்கிறாய்.

மூடியில் ஒரு துளை போட்டு, காற்று உள்ளே மட்டும் வரும் சிறு வால்வு வைத்திருக்கிறேன். தண்ணீர் வெளியே தெறிக்காது. குழாயின் அடியிலும் அதேபோல் ஒன்று. ஒருமுறை மேலே வந்த தண்ணீர் திரும்ப இறங்காது, அதனால் முதல் வாய்க்கு வெறும் காற்றை உறிஞ்ச வேண்டாம். குழாயையும் மாற்றிவிட்டேன். இது கொஞ்சம் அகலம், மிருதுவானது.

இனி காலியாகாவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். அத்தானுக்கு வணக்கம் சொல். தராசில் தூசி படியாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

தம்பி

*

மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். அங்கே வெயில் தொடங்கியிருக்கும். பாப்பா தொப்பி இல்லாமல் வெளியே போகாமல் பார்த்துக்கொள்.

பெயரை மாற்றிக்கொள்ள அவசரப்படாதே. உன் வேலை நன்றாக இருக்கிறது. இழுத்தவுடன் வருகிறது. ஆனால் குழாயில் நிற்கும் தண்ணீர் வெயிலில் சுட்டுவிடுகிறது. முதல் வாய் வெந்நீர். அதோடு ஒரு வாசனை. யாரோ “நல்லா வாயைத் திறங்க” என்று சொல்லப்போவது போலவே இருக்கிறது. சாலை மேடு பள்ளங்களில் குழாய் ஆடி என் மூக்கில் அடிக்கிறது.

மூன்று மணி நேரம். மீதி 850 மில்லி. எடை ஒன்றேகால் கிலோ குறைவு.

உன் அத்தான் நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தி பிரித்திருக்கிறார். தேதி. மீதி. சாக்கு. மூன்றாவது பத்தியில் “வெந்நீர், வாசனை, மூக்கு” என்று எழுதியிருக்கிறார். நான் எட்டிப் பார்ப்பது தெரிந்தும் எழுதினார்.

தொட்டியைக் கழற்ற நான்கு திருகாணி, அரை மணி நேரம். மறுபடி கழற்றி அனுப்புகிறேன். தொந்தரவுக்கு மன்னித்துக்கொள்.

உடம்பைக் கவனி.

அக்கா

*

ஏப்ரல் 11

ஒட்டகமே,

நலம், நலமறிய ஆவல். அத்தானை நோட்டில் நான்காவது பத்தி ஒன்று சேர்க்கச் சொல்: தம்பியின் உழைப்பு.

குழாய்க்கு மேல் ஓர் உறை போட்டிருக்கிறேன், சூடு ஏறாது. குழாயின் நீளத்தை ஒரு சாண் குறைத்தேன். நுனியில் சிறு காந்தம். வாயிலிருந்து விட்டால் தானே போய் அதன் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். மூக்கு தப்பியது. வாசனை போக மூன்று நாள் சோடா உப்பில் ஊறவைத்தேன்.

சோதித்தும் பார்த்தேன். பட்டறையில் முக்காலியில் உட்கார்ந்து, உன்னைப் போலவே மேஜையில் முழங்கை ஊன்றி, தொட்டியைக் கால்களுக்கிடையில் வைத்துக் குடித்தேன். நாற்பது நிமிடத்தில் காலி. பிறகு மூன்று தடவை கழிப்பறைக்கு ஓட்டம். முதலாளி எட்டிப் பார்த்து, “இங்க சம்பளம் வாங்கிட்டு என்னப்பா பண்ற?” என்றார். அக்காவுக்காக மூத்திரம் போகிறேன் என்று சொல்லவா முடியும்?

எத்தனையாவது மணியில் குடிப்பது கடினமாகிறது என்று கவனித்து எழுது. அதைத் தெரிந்துகொண்டால் மிச்சத்தைச் சரிசெய்துவிடலாம்.

தம்பி

*

மே 19

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதம். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் மனைவியும் பாப்பாவும் சுகம்தானே?

நீதிமன்றத்தில் ஒரு நீண்ட வழக்கு. சாட்சி ஒரு முதியவர், ஒரு கேள்விக்கு முக்கால் மணி நேரம் பதில் சொல்கிறார். நீதிபதி எழுந்திருப்பதே இல்லை. அவர் எழாமல் நான் எழ முடியாது. காலை பத்தரையிலிருந்து இரண்டு வரை ஒரே இருக்கை. எனக்கு அது பழகிப்போனதுதான்.

உறை நன்றாக இருக்கிறது. காந்தமும். மீதி 900. சாக்குப் பத்தியில் இந்த முறை உன் அத்தான் ஒன்றும் எழுதவில்லை, வெறும் கோடு போட்டார்.

எத்தனையாவது மணியில் என்று கேட்டிருந்தாய். தெரியவில்லை. மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறது, மூச்சோடு உறிஞ்ச முடிவதில்லை. அதுவாக இருக்கலாம்.

சில சமயம் சைக்கிளில் போகும்போது பழையதெல்லாம் வருகிறது. உனக்கு அந்தப் பேருந்து நினைவிருக்கிறதா, சித்தப்பா வீட்டுக்கு. விடு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

டாக்டர் ஜூலை கடைசிவரை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். உறிஞ்சாமலே தண்ணீர் வர வழி உண்டா?

அக்கா

*

ஜூன் 8

ஒட்டகமே,

வீட்டில் நலம். பட்டறையில் தலைக்கு மேல் வேலை, அதனால் சுருக்கமாக.

வழி உண்டு. இடது கைப் பட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்க் குமிழ் வைத்திருக்கிறேன். எலுமிச்சம்பழம் அளவு. கட்டை விரலால் ஒரு அமுக்கு, ஒரு வாய்த் தண்ணீர் தானே வரும். மூச்சு வாங்கும்போதும் குடிக்கலாம். வாயைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும், பல் டாக்டரிடம் போல.

ஒன்று. குமிழ் வைத்ததால் அழுத்தம் கூடியிருக்கிறது, அடைப்பு வளையம் தளர்ந்துபோகலாம். ஐந்தாறு பயணம் போனபின், ஜூலையில் தொட்டியை எனக்குத் திருப்பி அனுப்பு. வளையத்தை மாற்றித் தருகிறேன். மறந்துவிடாதே.

எந்தப் பேருந்து? எத்தனையோ பேருந்துகளில் போயிருக்கிறோம்.

தம்பி

*

ஜூலை 16

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலமா? நாங்கள் நலம், உண்மையாகவே நலம்.

குமிழ் வேலை செய்கிறது. ஐந்து பயணம். மீதி 150. பிறகு 90. கடைசி மூன்றும் காலி. எடை அரைக் கிலோகூடக் குறையவில்லை. அத்தான் நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் என்னோடு வந்தார், பரீட்சையில் அவரே தேறியதுபோல. டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, “உங்க தம்பி என்ன, இன்ஜினியரா?” என்று கேட்டார். “நாற்காலி ரிப்பேர் பண்றவன்” என்றேன். “அப்ப இன்ஜினியருக்கு மேல” என்றார்.

ஆகஸ்டு பதினெட்டாம் தேதி வந்து கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். படிவத்தின் நகல் ஒன்று இத்துடன். டாக்டர் பெயர், முகவரி எல்லாம் அச்சாகியிருக்கிறது, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி. நீயும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

நீ சொன்னபடி தொட்டியை அனுப்பியிருக்கிறேன். வளையத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சீக்கிரம் திருப்பி அனுப்பு.

உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சொல்லவும் வேண்டாம் என்பாய்.

அக்கா

*

ஆகஸ்டு 4

அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதை எப்போதும் எழுதுவது போல எழுதவில்லை.

அடைப்பு வளையத்தில் ஒன்றுமில்லை. அது மாற்ற வேண்டிய பொருளே இல்லை. தொட்டி என் கைக்கு வர வேண்டியிருந்தது, அதற்காகச் சொன்னேன்.

எங்கள் நாற்காலிகளில் வாய் கொப்பளிக்கும் கோப்பை தானாக நிரம்பி நிற்கும். எவ்வளவு நிரம்பியது என்று அளக்க ஒரு சின்ன உறுப்பு உண்டு. அதுபோல் ஒன்றை, சட்டைப் பொத்தான் அளவில், நேரத்தையும் குறித்துக்கொள்வதாகத் தேடிப் பிடித்து, குமிழோடு சேர்த்துக் குழாயின் அடியில் வைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. எத்தனையாவது மணியில் என்று கேட்டேன், நீ சொல்லவில்லை. தெரிந்தால் இன்னும் நன்றாகச் செய்யலாம் என்றுதான் வைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான்.

பதிவை எடுத்துப் பார்த்தபோது உறுப்பு கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். முதல் மணி, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. இரண்டு மணி ஐம்பத்து மூன்று நிமிடம் வரை ஒரு சொட்டு இல்லை. பிறகு நான்கு நிமிடத்தில் ஒன்றரை லிட்டரும். கடைசி மூன்று பயணமும் இப்படியே.

கடைசித் திருப்பத்தில், மருந்துக்கடைக்குப் பக்கத்தில் நின்று குடித்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். அங்கிருந்து வீடு இரண்டு நிமிடம். தொட்டி காலி, எடையும் சரி. குமிழ் இல்லாமல் நான்கு நிமிடத்தில் அதைக் குடித்திருக்க முடியாது. உனக்காக நான் செய்தது ஒழுங்காகப் பயன்பட்டது அதற்குத்தான்.

ஒரு வாரம் ஏன் என்று யோசித்தேன். கோபமாகவும் இருந்தது. போன செவ்வாய்க்கிழமை மாலை பாப்பாவின் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தேன். காலையில் நிரப்பியது அப்படியே இருந்தது. தினமும் அப்படித்தான் வருகிறது என்றாள் என் மனைவி. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். “குடிச்சா போகணும்லப்பா. அங்க கதவுல தாழ்ப்பாளே இல்ல.”

அப்போதுதான் அந்தப் பேருந்து.

உனக்குப் பன்னிரண்டு, எனக்குப் பத்து. மூன்று குடும்பம் ஒரே பேருந்தில். நீ அப்பாவிடம் இரண்டு தடவை போய்க் கேட்டாய். “பத்து நிமிஷத்துல ஊர் வந்துரும், போய் உக்காரு” என்றார். ஒரு மணி நேரம் ஆனது. நீ ஜன்னல் பக்கம் திரும்பி அசையாமல் உட்கார்ந்திருந்தாய். இருக்கை நனைந்ததை நான் பார்த்தேன். எழுந்து நின்று எல்லோருக்கும் சொன்னேன். யாரும் கேட்காமலே சொன்னேன். பெரியப்பா பிள்ளைகள் சிரித்தார்கள், நான் சொன்னதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குப்பின் எந்தப் பயணத்திலும் நீ தண்ணீர் குடித்து நான் பார்க்கவில்லை. அதைப் பார்த்து ஒட்டகம் என்று பெயர் வைத்தேன். பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன கடிதம் வரைக்கும்.

பயிற்சிக்குக் கடைசித் திருப்பம் உண்டு, அதைத் தாண்டினால் வீடு. போட்டியில் வீடு கிடையாது. சைக்கிளை வைத்துவிட்டு ஓடத் தொடங்குவாய். ஒன்பதாவது கிலோமீட்டர்.

பயந்துவிட்டேன் அக்கா. நேற்று டாக்டருக்கு எழுதிவிட்டேன். பதிவின் நகலை வைத்தேன். காரணம் தெரிந்தால் அவர் உன்மேல் கோபப்படமாட்டார் என்று காரணத்தையும் எழுதினேன். இன்று உனக்கு எழுதுகிறேன்.

தம்பி

*

ஆகஸ்டு 21

தம்பிக்கு,

நலம். அங்கும் நலமென்று நம்புகிறேன்.

டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. உன் கடிதத்தை மேஜைமேல் வைத்தார். உன் அத்தான் எடுத்து வாசித்தார். அவருக்கு மனசுக்குள் வாசிக்க வராது, உதடு அசையும், முணுமுணுப்பார். ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் ஊசியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேருந்தையும் எழுதியிருக்கிறாய். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாக அவருக்கு அது தெரியாது.

தொட்டியை நீயே வைத்துக்கொள்.

அக்கா

*

செப்டம்பர் 18

அக்காவுக்கு,

நீ பதில் எழுத வேண்டும் என்று இதை எழுதவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் அத்தானைவிட்டு ஒரு வரி எழுதச் சொன்னால் போதும்.

உன் கடிதம் வந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு பதில் இருந்தது. உயிர் முக்கியமா, மானம் முக்கியமா என்று. எழுதியும் வைத்தேன். நல்லவேளை, அனுப்பவில்லை.

போன வாரம் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பாப்பாவின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பையில் துளைபோடும் கருவி, ஆறு தாழ்ப்பாள், திருகாணிகள். தலைமை ஆசிரியை நல்லவர். “நாங்க எழுதிக் குடுத்து ஒரு வருஷமாச்சு சார், நீங்களே மாட்டிருங்க” என்றார். ஆறு கதவுக்கும் மாட்டினேன். கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். ஆசிரியைகள் வந்து பார்த்தார்கள், டீ கொடுத்தார்கள். எதற்கு இவ்வளவு அக்கறை என்று ஒருவர் கேட்டார். சொன்னேன். மூன்றாம் வகுப்பில் படிக்கிற என் மகள் தாழ்ப்பாள் இல்லாததால் தண்ணீரே குடிப்பதில்லை என்று. பெயரையும் சொன்னேன். எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். நானும்தான்.

அன்று மாலை பாப்பா என்னோடு பேசவில்லை. சாப்பிடவும் வரவில்லை. வகுப்பில் அவளுடைய ஆசிரியை அவளை எழுந்து நிற்கச் சொல்லி, “இவங்க அப்பாவாலதான் நமக்குத் தாழ்ப்பாள் வந்திருக்கு, இனிமே எல்லாரும் இவளை மாதிரி அடக்கி வைக்காம தண்ணி குடிக்கணும்” என்று சொல்லி எல்லோரையும் கைதட்டச் சொல்லியிருக்கிறார்.

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“தாழ்ப்பாள் மட்டும் மாட்டிட்டு வந்திருக்கலாம்லப்பா. என்னை ஏன் சொன்னீங்க?”

அடுப்படியிலிருந்து என் மனைவி, “உங்களுக்கு எதையுமே தண்டோரா போடாம செய்யத் தெரியாதா?” என்றாள். அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

தாழ்ப்பாள் இருக்கிறது. பாட்டில் இன்னும் நிரம்பித்தான் வருகிறது.

பத்து வயதில் செய்ததற்குச் சின்னப் பையன் என்று சொல்லிக்கொள்ளலாம். நாற்பத்தோரு வயதில் இரண்டே மாதத்தில் இரண்டு தடவை செய்திருக்கிறேன், இரண்டு தடவையும் அன்பினால். எனக்கு முன்னால் ஒருவர் வெட்கப்பட்டால் உடனே அதைச் சரிசெய்ய எனக்குக் கூட்டம் வேண்டியிருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

மன்னிப்பு என்று எழுதினால் அதற்கும் நீ ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் எழுதவில்லை.

தம்பி

*

நவம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் கடிதம் வந்து ஆறு வாரமாகிறது. பாப்பா பேசிவிட்டாளா?

உடம்பைக் கேட்டிருந்தாய். ஆகஸ்டில் அந்த நர்ஸ் எடுத்த ரத்தத்தில் சிறுநீரகக் கோளாறைக் காட்டும் எண் ஏறியிருந்தது. செப்டம்பரில் மறுபடி பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. ஜூலையில் நான் ஓட்டிய அந்த மூன்று பயணங்கள்தான் என்கிறார் டாக்டர். மாத்திரை கொடுத்திருக்கிறார். நீண்ட போட்டி இனி இல்லை. இந்த வருஷம் என்று இல்லை, எப்போதுமே. அதை அவர் சொன்னபோது நான் அவர் மேஜையிலிருந்த காகித எடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குள் ஒரு சிவப்புக் குமிழி. மெதுவாக சைக்கிள் ஓட்டலாம், அடிக்கடி நிறுத்தி, குடித்துக்கொண்டே ஓட்டலாம் என்று அனுமதி.

அக்டோபரில் போட்டி நடந்த அன்று வீட்டில் இருக்க முடியவில்லை. போட்டிக்கு எழும் நேரத்துக்கே விழிப்பு வந்துவிட்டது. அத்தானிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தொட்டி இருந்த இடம் வெறும் பள்ளம், ஒட்டுநாடாவால் மூடினேன். பின்னால் இரண்டு பாட்டில். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்திக் குடித்தேன். போட்டி நடக்கும் சாலைக்கு எதிர்த்திசையில் போனேன்.

ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. வேறென்ன நடக்கும். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அடக்கிக்கொண்டு இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டினேன். பிறகு ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினேன். அங்கிருந்தவன் ஏதோ சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டேன், “பாத்ரூம் எங்க இருக்கு?” என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவன் நிமிரவில்லை. பேனாவால் பின்பக்கம் காட்டினான்.

அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷம், நீதிமன்றத்தில் மட்டும் பதினாறு வருஷம். தாழ்வாரத்தின் கோடியிலிருக்கும் கழிப்பறைக்கு எல்லோர் கண்ணெதிரிலும் நடந்து போகக் கூசி, மதியம் வரை நாக்கை நனைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். அவன் சீட்டை எண்ணி முடித்திருக்கக்கூட மாட்டான்.

பிறகு ஒரு டயர் கடை. பிறகு ஒரு வீடு. வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், “செருப்போடவே போங்க, தரை ஈரமா இருக்கு” என்றாள். வெளியே வந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். அதன் விளைவுக்கு இன்னோர் இடம் தேட வேண்டியிருந்தது. தொண்ணூறு கிலோமீட்டருக்கு ஆறரை மணி நேரம். எந்தப் போட்டியிலும் பாதி வழியிலேயே இறக்கி வண்டியில் ஏற்றியிருப்பார்கள். மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் குடித்திருந்தேன். அத்தான் எடை பார்க்கவில்லை. நோட்டை எங்கேயோ எடுத்து வைத்துவிட்டார்.

அவர் பேருந்தைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் வெளியூர் போகும்போது ஒவ்வொரு கடையிலும் வண்டியை நிறுத்துகிறார். டீ வேண்டும் என்கிறார். அவர் டீ குடிப்பதே இல்லை.

உன் தொட்டி நல்ல தொட்டி. தண்ணீர் சரியாகத்தான் வந்தது, முதல் தடவையிலிருந்தே. வெந்நீர், வாசனை, மூக்கு எல்லாம் நான் சொன்ன சாக்குகள். நான்கு மாதம் நீ அதன்மேல் உட்கார்ந்திருந்தாய். உண்மையைச் சொல்லாமல் உன்னை வேலை வாங்கினேன். அதற்கு நான்தான் வருத்தப்பட வேண்டும், படுகிறேன்.

பாப்பாவுக்கு ஒன்றும் சொல்லாதே. பாட்டிலைத் திறந்து பார்ப்பதை நிறுத்து. அவளாகக் குடிப்பாள், அல்லது குடிக்கமாட்டாள்.

நீ டாக்டருக்கு எழுதியது சரிதான். எழுதியிருக்காவிட்டால் அக்டோபரில் நான் எங்கே கிடந்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு முதலில் எழுதியிருக்கலாம். ஒரு நாள் முன்னால். நானே போய் அவரிடம் சொல்லியிருப்பேன்.

சொல்லியிருப்பேனா என்பது இனி நம் இருவருக்கும் தெரியப்போவதில்லை.

முதுகைக் கவனித்துக்கொள்.

அக்கா